4. வேரில்லாச் செடியின் திண்ணை

துபாயின் அல் குசைஸில் பாசி வளர்க்கத் தொடங்குபவர்கள் பாசியைப் பட்டினி போட்டுக் கொல்வதில்லை, ஊட்டித்தான் கொல்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் கலக்கிய 19:19:19 உரநீர் வாளியின் அடியில் கொஞ்சம் மிஞ்சியது. பக்கத்தில் கண்ணாடித் தொட்டியில் பச்சை வெல்வெட் மாதிரி பாசி. வீணாக்குவானேன் என்று அதன் தலையில் ஊற்றினேன். நாலாம் நாள் நுனிகள் தேயிலைத்தூள் நிறத்துக்கு மாறின. இரண்டாம் வாரம் பாசி இருந்த இடத்தில் கொழகொழவென்று வேறொரு பச்சை படர்ந்திருந்தது. துளசி மட்டும் செழித்து நின்றது.

ஒரே வாளித் தண்ணீர்தான். ஆனால் துளசிக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவில் மண் இருக்கிறது, வேர் இருக்கிறது. பாசிக்கு நடுவில் ஒன்றுமே இல்லை. இந்த அத்தியாயத்தில் வரும் எல்லா யோசனைகளும் அந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறந்தவை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் பேச்சில் குளத்தில் மிதப்பதும் பாசி, மொட்டைமாடியில் காலை வாருவதும் பாசி, கிணற்று உறையில் மெத்தை கட்டி வளர்வதும் பாசி. இந்த நூலில் பாசி என்றால் கடைசியில் சொன்னதுதான். நர்சரிக்காரர்கள் ‘மாஸ்’ என்பார்கள். மற்றவற்றை ஆல்கா என்றே சொல்கிறேன். ஏசி குழாய் சொட்டும் சுவர் மூலையில் பச்சையாக எதையாவது பார்த்துவிட்டு, ‘எங்கள் பில்டிங்கிலேயே மாஸ் இருக்கிறது’ என்று சந்தோஷப்படுபவர்கள் விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்க்கவும். வழவழவென்று விரலோடு வந்தால் ஆல்கா. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் குட்டிக் குட்டி இலைகள் அடுக்கடுக்காகத் தெரிந்தால்தான் பாசி. அந்த லென்ஸை வாங்கிவிடுங்கள். இந்தப் பொழுதுபோக்கில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனாவுக்கு அடுத்தபடியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அதுதான்.

லென்ஸ் வந்ததும் ஒரு இலையைப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிசு. பெரும்பாலான பாசிகளின் இலை ஒரே ஒரு செல் கனம்தான், நடு நரம்பு மட்டும் கொஞ்சம் தடிப்பு. மாவிலையைத் தொட்டால் மெழுகு பூசிய மாதிரி வழுக்குமே, அந்த மெழுகுப் பூச்சு இங்கே இல்லை, இருந்தாலும் பெயரளவுக்குத்தான். கீழே பழுப்பாக நூல் நூலாகத் தொங்குபவை வேரைப் போலத் தெரியும். ரைசாய்டு என்று பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பெயர் குறித்திருப்போம். அவற்றின் முக்கிய வேலை கல்லையோ மரப்பட்டையையோ பற்றிக்கொண்டு நிற்பது. சாப்பாடு முழுக்க உடம்பின் மேற்பரப்பு வழியாகத்தான் வருகிறது. மழை, பனி, தூசி என்று மேலே எது விழுகிறதோ அதுதான் சோறு. பாலிட்ரைக்கம் போலத் தண்டுக்குள் தண்ணீர் ஏற்றும் குழல் போன்ற செல்கள் உள்ள பாசிகளும் உண்டு, அவை கீழிருந்தும் ஓரளவு எடுத்துக்கொள்ளும். நீங்கள் வளர்க்கப்போகும் சின்ன மெத்தைப் பாசிகள் அந்த ரகம் இல்லை. அதனால் பாசிக்கு அடியில் உரமண் போடுவதில் பெரிய லாபம் கிடையாது. அந்த மண்ணில் பூஞ்சைதான் வளரும்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஊர்ப்பக்கத்துப் பழைய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் தெரு, தெருவை ஒட்டித் திண்ணை, அதைத் தாண்டி நிலைக்கதவு, உள்ளே வீடு. பாசியின் உடம்பில் சத்துகள் தங்குவதும் இப்படி மூன்று இடங்களில்தான்.

தெரு என்பது இலைகளுக்கு இடையே தேங்கும் தண்ணீர். இலைகள் தண்டோடு ஒட்டி நெருக்கமாக இருப்பதால் அந்தச் சந்துகளில் நீர் ஏறித் தங்கிவிடும். அதில் கரைந்த உப்புகளும் மாட்டிக்கொண்ட தூசித் துகள்களும் இருக்கும். அடுத்த குளியலில் இதெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்.

திண்ணை என்பது செல்லின் சுவர். பெக்டினைப் போன்ற, யூரோனிக் அமிலங்கள் நிறைந்த பொருள் அதில் இருக்கிறது. அந்த அமிலங்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஆகவே நேர்மின்னேற்றம் உள்ள கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். செல் உயிரோடு இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. காய்ந்து செத்த பாசியின் திண்ணையிலும் இடம் உண்டு. ஒருவர் வந்து உட்கார்ந்தால் ஏற்கெனவே இருந்தவர் எழுந்து தண்ணீருக்குள் இறங்க வேண்டும், அதுதான் இங்குள்ள கணக்கு. புதுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் ஹைட்ரஜன் அயனிகள். அவை எழுந்து இறங்கும்போது சுற்றியுள்ள தண்ணீர் புளிப்பாகிறது. இரட்டை மின்னேற்றம் உள்ள கால்சியம் அழுத்தமாக உட்காரும், ஒற்றை மின்னேற்றம் உள்ள பொட்டாசியத்தை எளிதில் எழுப்பிவிடும்.

வீடு என்பது செல்லின் உட்புறம். இதற்குக் கதவு உண்டு. செல் சவ்வு ஆற்றலைச் செலவழித்து, வேண்டியதைத் தேர்ந்தெடுத்து உள்ளே விடுகிறது. பொட்டாசியமும் பாஸ்பரஸும் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். கால்சியம் பெரும்பாலும் திண்ணையோடு நின்றுவிடும். மெக்னீசியம் இரண்டு இடத்திலும் இருக்கும் விருந்தாளி.

இந்தப் படத்தில் இரண்டு சங்கதிகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, திண்ணைக்குக் கதவில்லை. கால்சியத்துக்கு இடம் கொடுக்கும் அதே இடத்தில் ஈயமும் செம்பும் காட்மியமும் வந்து உட்காரும், பாசியால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இன்னொன்று, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எதிர்மின்னேற்றம் உள்ளவை, அவற்றுக்குத் திண்ணையில் இடமே இல்லை. தெருவில் வரும்போதே வீட்டுக்குள் போனால் உண்டு, இல்லாவிட்டால் தண்ணீரோடு போய்விடும். ஒரேயடியாகக் கொட்டுவதைவிட, கண்ணுக்குத் தெரியாத அளவில் அடிக்கடி கொடுப்பது பாசிக்கு ஒத்துப்போவது இதனால்தான்.

திண்ணைக் கணக்கைப் பற்றிய பேர்போன ஆராய்ச்சி ஸ்பாக்னம் பாசியின் மேல் நடந்தது. ஆர்க்கிட் செடிக்கு அடியில் வைக்கிறோமே, அந்த வெளிர்மஞ்சள் நார்தான் ஸ்பாக்னம். இங்கிலாந்தில் ஆர். எஸ். கிளைமோ 1963-இல் வெளியிட்ட கட்டுரை, சதுப்பு நிலத்தின் புளிப்புக்கும் ஸ்பாக்னத்தின் சுவரில் நடக்கும் இந்த இடமாற்றத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. கதவில்லாத குணத்தை ஸ்வீடன்காரர்கள் வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஓகே ரூலிங், யெர்முண்ட் டீலர் என்ற இருவர் 1968-இல் பாசியைக் கொண்டே காற்றில் விழும் ஈயத்தை அளந்தார்கள். 1990 முதல் ஐரோப்பாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பல நாடுகள் சேர்ந்து இந்தப் பாசிக் கணக்கெடுப்பை நடத்துகின்றன. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் மரங்களில் இருந்த பாசியை 346 இடங்களில் சுரண்டி எடுத்து ஆராய்ந்ததில், எந்தத் தெருவில் காட்மியம் கூடுதல் என்று வரைபடமே கிடைத்தது. அது வெளியானது 2016-இல். மாதக்கணக்கில் காற்றில் வந்ததையெல்லாம் பாசி எழுதிவைத்திருந்தது. நம் பால்கனிப் பாசியும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதை நம்ப மறுப்பவர்களுக்கு அடுக்களையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. நான் சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளை வைத்துச் செய்து காட்டினேன். ஊதா முட்டைக்கோஸில் இரண்டு இலையை நறுக்கி வெந்நீரில் போட்டால் ஊதாச் சாறு இறங்கும். ஆறவைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த ஸ்பாக்னம் ஒரு கைப்பிடி எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் மூன்று தடவை அலசிப் பிழியுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் அதே காய்ச்சி வடித்த நீர், ஒவ்வொன்றிலும் அரை ஸ்பூன் உப்பு. ஒன்றில் மட்டும் அலசிய ஸ்பாக்னத்தை அமுக்கி அரை மணி நேரம் விட்டு எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டிலும் நாலு ஸ்பூன் முட்டைக்கோஸ் சாறு. உப்புத் தண்ணீர் ஊதாவாகவே நிற்கும். பாசி குளித்த தண்ணீர் ரோஜா நிறத்துக்குச் சாயும். உப்பிலிருந்த சோடியம் திண்ணையில் உட்கார, அங்கிருந்த ஹைட்ரஜன் இறங்கிவிட்டது. அதே பாசியைக் குழாய்த் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்துவிட்டு மறுபடி செய்தால் நிறம் அவ்வளவாக மாறாது. திண்ணை முழுக்கக் கால்சியம் நிறைந்துவிட்டது, இறங்குவதற்கு ஆள் இல்லை.

குழாய்த் தண்ணீரில் ஊறவைத்துச் செய்த அந்த இரண்டாவது சோதனையில்தான் அல் குசைஸின் பாடம் இருக்கிறது. நம் வீட்டுக் குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்த தண்ணீர். உப்பு நீக்கியதும் அது ஏறக்குறைய வெறும் நீர்தான். அப்படியே அனுப்பினால் குழாய்களை அரிக்கும், குடிக்கவும் நன்றாக இராது. அதனால் கால்சியமும் கார்பனேட்டும் திரும்பச் சேர்த்து, குளோரினும் கலந்து அனுப்புகிறார்கள். மனிதர்களுக்கு நல்ல தண்ணீர். கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தால் பாசிக்கு அது என்ன என்று புரியும். பாசியின் மேல் தெளித்த தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வேருள்ள செடியின் தொட்டியில் அந்த உப்பு மண்ணில் தங்கும், பாசியில் இலையின் மேலேயே தங்கும். மூன்று மாதம் தெளித்தால் நுனியில் மாவு தூவிய மாதிரி வெள்ளை தெரியும். ஏசி அறையின் வறண்ட காற்று இதை இன்னும் வேகமாகச் செய்கிறது.

ஆனால் எல்லாப் பாசிக்கும் சுண்ணாம்பு ஆகாது என்று சொல்ல மாட்டேன். உங்கள் பாசி சுண்ணாம்பு வீட்டுப் பிள்ளையா, புளிப்பு வீட்டுப் பிள்ளையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நம்மூர்ச் செங்கல் சுவரிலும் சிமெண்டுப் படியிலும் மழைக்காலத்தில் பச்சை பிடிக்கும் ஹையோஃபிலா சுண்ணாம்பிலேயே பிறந்து வளர்வது. உலகம் முழுக்க நடைபாதை இடுக்குகளில் வெள்ளி மினுக்கத்தோடு வளரும் பிரையம் அர்ஜென்டியமும் எதையும் தாங்கும். இவற்றுக்குக் குழாய்த் தண்ணீரில் பாதியும் காய்ச்சி வடித்ததில் பாதியும் கலந்து கொடுத்தால் போதும். ஸ்பாக்னமும், வெளிர்பச்சைப் பந்து மாதிரி வரும் லூக்கோபிரையமும் புளிப்பு வீட்டைச் சேர்ந்தவை. இவற்றுக்குக் குழாய்த் தண்ணீர் மெல்லக் கொல்லும் நஞ்சு.

எந்தத் தண்ணீர் நல்லது என்று வரிசையாகச் சொல்கிறேன், என் அனுபவத்தோடு சேர்த்து. டிடிஎஸ் பேனாவில் 20-க்குள் காட்டும் எதுவும் சரி. இஸ்திரிப் பெட்டிக்கென்று சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் காய்ச்சி வடித்த நீர் சுத்தமானது. இண்டஸ்ட்ரியல் ஏரியாப் பக்கம் வண்டி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீரையும் வாங்கலாம், ஆனால் லேபிளில் வெறும் நீர் என்று இருக்கிறதா, அமிலமா என்று இரண்டு முறை படியுங்கள். குடிக்கிற கேன் தண்ணீரில் தாது உப்பு சேர்த்திருப்பார்கள், சுண்ணாம்பு வீட்டுப் பாசிக்கு மட்டும் அது பரவாயில்லை. செம்புக் குடத்தில் ராத்திரி ஊற்றிவைத்த தண்ணீரை நீங்கள் குடித்துக்கொள்ளுங்கள், பாசிக்குக் கொடுக்க வேண்டாம். செம்பு மிகக் கொஞ்சமாகக் கரைந்தாலும் திண்ணையில் சேர்ந்துகொண்டே போகும். பாசியை ஒழிக்கத் தெளிக்கும் மருந்துகளில் செம்பு இருப்பது சும்மா இல்லை.

பிறகு ஏசி தண்ணீர். இதைப் பற்றி நண்பர்களுக்குள் சண்டையே நடக்கும். ஜூலை, ஆகஸ்டின் புழுக்கத்தில் ஒரு ஏசி ராத்திரி முழுக்கச் சொட்டினால் வாளி நிறையும். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் உப்பு இல்லை, டிடிஎஸ் பேனா 10, 15 என்று காட்டும். இலவசமாக வேறு வருகிறது. ஆனால் அது செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் உள்ள காயிலைத் தொட்டு வருகிறது, தட்டில் தேங்கிய அழுக்கைக் கடந்து வருகிறது. பேனாவுக்கு உப்பின் மொத்தம்தான் தெரியும், அதில் செம்பு எவ்வளவு என்று தெரியாது. நான் செய்வது இதுதான். சர்வீஸ் செய்து ரசாயனம் அடித்த வாரத்துத் தண்ணீரைக் கொட்டிவிடுவேன். மற்ற நாளில் பிடித்ததை மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு சின்னத் துண்டுப் பாசிக்கு மட்டும் ஒரு மாதம் கொடுத்துப் பார்ப்பேன். அது பச்சையாகவே இருந்தால்தான் மற்றவற்றுக்கும் தருவேன். எங்கள் வீட்டில் மூன்று ஏசி, மூன்றுக்கும் மூன்று ராசி. படுக்கையறை ஏசி தண்ணீரில் பாசி ஜம்மென்று வளர்கிறது. கூடத்து ஏசி தண்ணீரில் துண்டுப் பாசி கறுத்துப்போனது. காரணத்தைத் தேடிக்கொண்டிருக்காமல் அந்தக் குழாயை விட்டுவிட்டேன்.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் அறை வெப்பத்துக்கு வரட்டும். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிப்பது உங்களுக்குத் தெரியும். குளிப்பதற்காகக் கீசரை அணைத்துவைத்து, அதில் தேங்கி ஆறியதைத்தானே பச்சைத் தண்ணீராகப் பயன்படுத்துகிறோம். பாசிக்கும் அந்த மரியாதை உண்டு.

அடுத்தது தூசி. ஷமால் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள் பால்கனிக் கைப்பிடியில் விரலை ஓட்டினால் வரும் அந்த மாவில் சுண்ணாம்பு நிறைய. காட்டுப் பாசிக்குத் தூசி என்பது சாப்பாடு, சத்தில் ஒரு பங்கு அதில் வரும். இங்கே அது அளவுக்கு மீறிய விருந்து. போதாததற்கு வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றில் இருக்கின்றன. ஷார்ஜா எல்லை நெரிசலும் விமான நிலையமும் பக்கத்தில் இருக்க, அல் குசைஸ் பால்கனியில் நைட்ரஜன் பற்றாக்குறை வந்து பாசி மெலியும் என்று நான் நம்பத் தயாரில்லை. ஆகவே மூடியுள்ள கண்ணாடித் தொட்டியில் வையுங்கள். திறந்த தட்டில் வைத்தே தீருவேன் என்றால், மாதம் ஒருமுறை டிடிஎஸ் குறைந்த நீரால் நன்றாக அலசி, தட்டைச் சாய்த்து வடியவிடுங்கள். தெருவைக் கூட்டுவது மாதிரிதான். திண்ணையில் அழுந்தி உட்கார்ந்தது அலசினால் போகாது, தெருவில் கிடப்பது போகும்.

இவ்வளவு சொன்ன பிறகும், ‘கொஞ்சமாவது உரம் போட வேண்டாமா’ என்று கேட்பீர்கள். காய்ச்சி வடித்த நீரையே குடித்து மூடிய தொட்டியில் இருக்கும் பாசிக்கு, ஆறு மாதம் கழித்துப் போடலாம். ஒரு கிராம் 19:19:19 உரத்தை ஒரு லிட்டர் நீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வையுங்கள். இது தாய்க்கரைசல், இதை நேராகத் தெளிக்கக் கூடாது. இதில் 10 மில்லி எடுத்து இன்னொரு லிட்டரில் கலந்தால், லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் நைட்ரஜன் வரும். மழைநீரில் இருப்பதை ஒட்டிய அளவு இதுதான். மாதம் ஒருமுறை, குளிர்காலத்தில் மட்டும், ஈரமாக இருக்கும் பாசியின் மேல் தெளிக்கவும். காய்ந்திருக்கும்போது தெளிக்கக் கூடாது, ஏன் என்பது கீழே வருகிறது. உரப் பையில் யூரியா மட்டும் என்று இருந்தால் தொட வேண்டாம்.

பாசி இவ்வளவு கொஞ்சத்தில் எப்படி வாழ்கிறது? கிடைத்ததை அது கைவிடுவதில்லை. கீழ்ப்பாகம் பழுப்பாகிச் செயலிழக்கும்போது அங்கிருந்த நைட்ரஜனையும் பொட்டாசியத்தையும் மேலே வளரும் நுனிக்கு ஏற்றிவிடும். வடக்குக் குளிர்க் காடுகளில் தரையை மூடியிருக்கும் புளூரோசியம் பாசிக்கு வேறொரு ஏற்பாடும் உண்டு. அதன் இலைக் குழிகளில் நாஸ்டாக் என்ற நீலப்பச்சை நுண்ணுயிர் குடியிருந்து, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. 2002-இல் இதைக் கண்டுபிடித்தபோது ஆண்டுக்கு ஒரு ஹெக்டேருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ என்று கணக்குச் சொன்னார்கள். வயற்காட்டுக் கணக்கில் இது கால் மூட்டை உரம்கூட இல்லை. ஒரு காடே அதை ஒரு பெரிய வரவாக வைத்துக்கொள்கிறது.

ஆதலால் பழுப்பைப் பிய்க்காதீர்கள். அழகுக்காகக் கீழ்ப்பாகத்தைக் கத்தரித்துவிட்டுப் பச்சை நுனியை மட்டும் தொட்டியில் பரப்புபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழுப்புதான் விளக்குத்திரி போலத் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. அதன் திண்ணையும் வேலை செய்துகொண்டே இருக்கிறது. ஸ்பாக்னம் தன் காய்ந்த எடையைப் போல 15, 20 மடங்குத் தண்ணீரைப் பிடித்துவைப்பதும் செத்துப்போன வெற்றுச் செல்களில்தான். உயிருள்ள பச்சைச் செல்கள் அவற்றுக்கு நடுவே மெல்லிய வலை மாதிரி ஓடும்.

கடைசியாக, வளைகுடாக்காரர்களுக்கே உரிய சிக்கல்: ஜூலையில் ஊருக்குப் போவது. பள்ளி விடுமுறை, ஒன்றரை மாதம், ஏசியை அணைத்துப் பூட்டிய ஃபிளாட். பக்கத்து ஃபிளாட் அக்கா, திருநெல்வேலிக்காரர், போன வருஷம் திரும்பி வந்த மறுநாள் கதவைத் தட்டினார்.

“தம்பி, நீங்க குடுத்த பாசி போயிருச்சு. போகும்போது தண்ணி நல்லா ஊத்தி, இறுக்க மூடித்தான வச்சேன்?”

“அதனாலதான் போச்சு அக்கா.”

“என்ன சொல்லுதீக? காயாம இருக்கட்டும்னுதான ஊத்துனேன்.”

“காயவிட்டிருந்தா பொழச்சிருக்கும்.”

அக்கா என்னை நம்பவில்லை. அலமாரியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்துக் காட்டினேன். ஜூன் மாதம் உலர்த்தி வைத்த ஹையோஃபிலா, இலைகள் உட்புறமாகச் சுருண்டு, கறுத்து, தேங்காய் நார் போலக் கிடந்தது. மேசையில் வைத்துக் காய்ச்சி வடித்த நீரை மெல்லத் தெளித்தேன். லென்ஸை அக்கா கையில் கொடுத்தேன். ஒரு நிமிடம் ஆவதற்குள் இலைகள் ஒவ்வொன்றாக விரிய ஆரம்பித்தன. “ஏ யப்பா!” என்று அக்கா லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

ஈரமான பாசி விழித்திருக்கும் பாசி. 40 டிகிரியில் மூடிய புட்டியில், இருட்டில் விழித்திருந்தால், ஒளிச்சேர்க்கையில் சம்பாதிப்பது ஒன்றுமில்லை, சுவாசத்தில் செலவழிப்பது மட்டும் எக்கச்சக்கம். சேர்த்துவைத்ததைத் தின்று தீர்த்துவிட்டு அழுகும். காய்ந்த பாசி உறங்கும் பாசி. அது செலவு செய்வதில்லை, அந்த வெக்கையைத் தாங்கிக்கொள்ளும். சுவர்ப்பாசி, வெள்ளிப்பாசி வகைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். மீன் தொட்டியில் வளரும் ஜாவா மாஸ் காய்ந்தால் காய்ந்ததுதான், அதை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

உலர்த்துவதிலும் அவசரம் கூடாது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தெளிப்பதை நிறுத்துங்கள். முதல் இரண்டு நாள் மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், பிறகு முழுக்கத் திறந்துவிடுங்கள். ஃபேனுக்கு அடியிலோ வெயிலிலோ காயப்போட வேண்டாம். மெல்லக் காய்ந்தால் செல்லுக்குள் தற்காப்பு ஏற்பாடுகளைச் செய்துகொள்ள நேரம் கிடைக்கும். மொறுமொறுவென்று ஆனதும் காகித உறையில் போட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம்.

திரும்பி வந்து நனைப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். காய்ந்து கிடந்த செல்லின் சவ்வு முதல் ஈரம் பட்டதும் சில நிமிடங்கள் ஓட்டையாக இருக்கும். வீட்டுக்குள் இருந்த பொட்டாசியமும் சர்க்கரையும் வெளியே கசியும். மெதுவாக நனைத்தால், கசிந்ததில் ஒரு பகுதி திண்ணையிலேயே தங்கும், மீதி தெருவில் நிற்கும். கதவு சரியானதும் செல் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாயைத் திறந்து கழுவிவிட்டால் அத்தனை வருஷச் சேமிப்பும் சாக்கடைக்குப் போகும். அந்த நேரத்தில் உரநீர் தெளித்தாலோ, திறந்து கிடக்கும் வீட்டுக்குள் அது நேராகப் புகுந்துவிடும். நான் முதலில் சொன்ன வாளிக் கதையில் எனக்குத் தெரியாமல் நடந்ததும் இதுதான். அன்றைக்குப் பாசி இரண்டு நாளாகக் காய்ந்து கிடந்தது.

ஆகவே முதல் நாள் தூறல் மட்டும். தட்டில் தண்ணீர் வடியாத அளவுக்குத் தெளித்து, அரை மணி நேரம் விட்டு, மறுபடி ஒரு தூறல். சாயங்காலம் மூன்றாவது. அன்றைக்கு அலசல் கிடையாது, இரண்டு வாரத்துக்கு உரம் கிடையாது. ஏசி ஓடும் அறையில், வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சத்தில் வையுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. உணவகச் சுவரிலும் ஆபீஸ் வரவேற்பறையிலும் பச்சைப் பசேலென்று ஒட்டியிருக்கும் மாஸ் சுவரைப் பார்த்து ஆசைப்பட்டு அதே போன்ற பாக்கெட்டை வாங்கித் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அது கிளிசரினில் ஊறவைத்துச் சாயம் ஏற்றிய, செத்துப்போன பொருள். அதிலும் பவளம் போல நுரைத்திருக்கும் ‘ரெயின்டீர் மாஸ்’ பாசியே இல்லை, லைக்கன். வர்சான் பக்கத்து நர்சரிகளில் உயிருள்ள மாஸ் கேட்டு வாங்கும்போது, ஒரு நுனியைக் கிள்ளி லென்ஸில் பாருங்கள். கொடைக்கானல் போனபோது காப்புக்காட்டில் பெயர்த்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே எடுப்பது குற்றம், இங்கே செடி கொண்டுவரத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும்.

அக்காவுக்கு அன்று பாதி உறையைப் பிரித்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார், பச்சை தெரிந்தது. கூடவே ஒரு கேள்வி: “தம்பி, இதுக்கு மோர் ஊத்தலாமா?” மோரில் உப்பு இருக்கிறது, புரதம் இருக்கிறது, பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகிவிடும் என்று பதில் எழுதினேன். சுவரில் பாசி பிடிக்க மோர் தெளிக்கும் வைத்தியம் ஊர் ஊராகச் சுற்றுகிறது. அடுத்த அத்தியாயத்தில் நடுவதைப் பற்றிப் பேசும்போது அதையும் பார்ப்போம்.